நிதியமைச்சர்களே, பத்து வருடம் கழித்து யார் கையில் என்ன மிஞ்சியது என்று காட்டுங்கள்

நாட்டின் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்கிற நிதியமைச்சர்களுக்கும், அவர்களுக்காக இரவெல்லாம் உட்கார்ந்து கணக்குப் போடுகிற அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். பட்ஜெட் வந்த மறுநாள் எதன் விலை ஏறும், எதன் விலை இறங்கும், வருமான வரி வரம்பு எவ்வளவு, பற்றாக்குறை எத்தனை சதவீதம் என்றுதான் பேச்சு போகிறது. இந்த வருடம் நீங்கள் எடுத்த வரியையும் கொடுத்த பணத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஏழைக்கும் பணக்காரருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி குறைந்ததா கூடியதா என்பதை யாரும் கேட்பதில்லை, நீங்களும் சொல்வதில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் எடுத்த முடிவு இன்று என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற கேள்வி அதைவிட அரிது. அந்தக் கேள்விக்கு உங்களிடமிருந்து எழுத்தில் பதில் வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அரசால் இதில் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, எல்லாம் சந்தை தீர்மானிப்பது என்று உங்களில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது உண்மை இல்லை. ஏற்றத்தாழ்வை அளக்க ஜினி குறியீடு என்று ஒன்று இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்ததுதான்: எல்லோருக்கும் சம வருமானம் என்றால் 0, எல்லாம் ஒருவரிடமே என்றால் 1. அயர்லாந்தில் வரிக்கும் உதவித்தொகைக்கும் முந்தைய வருமானத்தை மட்டும் பார்த்தால் இந்த எண் 0.5-ஐ எட்டிவிடும். வரி எடுத்து, ஓய்வூதியமும் உதவித்தொகையும் கொடுத்து முடித்த பிறகு அது 0.3-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. சிலி நாட்டில் தொடக்கப் புள்ளி ஏறக்குறைய அதேதான், ஆனால் எல்லாம் முடிந்த பிறகும் 0.45-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஒரே இடத்தில் தொடங்குகிற இரண்டு நாடுகள் இவ்வளவு தூரம் விலகிப் போவதற்குக் காரணம் சந்தை இல்லை, இரண்டு நாட்டு நிதியமைச்சகங்களும் எழுதி வைத்திருக்கிற சட்டங்கள்.

தென்னாப்பிரிக்காவில் இதன் பலமும் எல்லையும் ஒரே இடத்தில் தெரியும். 2010 வாக்கில் எடுத்த கணக்குப்படி, அங்கே வரிக்கு முந்தைய ஜினி 0.77. வரி, உதவித்தொகை, இலவசப் பள்ளி, மருத்துவம் எல்லாவற்றையும் பணமாக்கிச் சேர்த்தால் அது 0.60-க்கு இறங்குகிறது. ஒரு அரசால் செய்ய முடிகிறதில் இது மிகப் பெரிய இறக்கம். இருந்தும் இறங்கி வந்து நிற்கிற இடமே உலகத்தின் பெரும்பாலான நாடுகள் தொடங்குகிற இடத்தைவிட மோசமாக இருக்கிறது. நிலம், கல்வி, வேலை எல்லாவற்றிலும் தலைமுறை தலைமுறையாகப் பூட்டி வைத்த கதவுகளின் விளைவை வருடா வருடம் உதவித்தொகையால் மட்டும் சரிசெய்துவிட முடியாது. இதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் வரியைப் பார்ப்போம். நீங்கள் பேசும்போது வரியைத் தனியாகவும் செலவைத் தனியாகவும் பேசுகிறீர்கள், உங்களை எதிர்ப்பவர்களும் அப்படியே பேசுகிறார்கள், அதனால் இரண்டு பக்கமும் பாதிக் கணக்கோடு நின்றுவிடுகிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு குடும்பத்துக்கு மாதம் 100 வருமானம், இன்னொரு குடும்பத்துக்கு 1,000. எல்லாப் பொருளுக்கும் 10 சதவீத விற்பனை வரி. முதல் குடும்பம் சம்பாதித்த 100-ஐயும் செலவழித்துவிடுகிறது, வேறு வழியில்லை. அதில் வரி சுமார் 9. இரண்டாவது குடும்பம் 400 செலவழித்துவிட்டு 600-ஐச் சேமிக்கிறது. அதன் வரி சுமார் 36. தொகையைப் பார்த்தால் பணக்காரக் குடும்பம் நான்கு மடங்கு கட்டுகிறது என்று தோன்றும். வருமானத்தோடு ஒப்பிட்டால் ஏழைக் குடும்பம் 9 சதவீதம், பணக்காரக் குடும்பம் 4 சதவீதம்கூட இல்லை. அநியாயமான வரி என்று இங்கேயே முடித்துவிடலாம்.

ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. வசூலான 45-ஐ இரண்டு குடும்பத்துக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தால், பணமாகவோ பள்ளியாகவோ மருத்துவமனையாகவோ, ஆளுக்கு 22 சொச்சம். 9 கட்டிய ஏழைக் குடும்பத்துக்கு 13 லாபம், 36 கட்டிய பணக்காரக் குடும்பத்துக்கு 13 குறைவு. இடைவெளி குறைந்துவிட்டது. டென்மார்க்கில் மதிப்புக் கூட்டு வரி 25 சதவீதம், அதில் சாப்பாட்டுக்குக்கூடச் சலுகை கிடையாது, இருந்தும் உலகத்திலேயே ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகளில் அது ஒன்று என்றால் அதற்குக் காரணம் இதுதான்: வசூலித்த பணம் எங்கே போகிறது என்பது.

இப்போது அதே 45-ஐ எரிபொருள் மானியமாகக் கொடுத்துப் பாருங்கள். யார் அதிகம் எரிக்கிறார்களோ அவர்களுக்கு அதிகம் போகும். கார் வைத்திருப்பவர் யார், பேருந்துக்குக் காத்திருப்பவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழை, நடுத்தர நாடுகளின் எரிபொருள் மானியங்களைப் பற்றிச் சர்வதேச நாணய நிதியம் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மேல்தட்டு 20 சதவீதக் குடும்பங்களுக்குப் போகிற பங்கு கீழ்த்தட்டு 20 சதவீதத்துக்குப் போவதைவிட ஆறு மடங்கு என்று கண்டார்கள். உங்கள் புத்தகத்தில் பள்ளிக்குப் போன பணமும் இதற்குப் போன பணமும் 'செலவு' என்ற ஒரே தலைப்பில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. நோரா லஸ்டிக் என்ற பொருளாதார அறிஞரும் அவரோடு வேலை செய்தவர்களும் பல டஜன் நாடுகளின் வரியையும் செலவையும் ஒரே முறையில் கணக்கிட்டிருக்கிறார்கள். எத்தியோப்பியா போன்ற சில நாடுகளில் அரசு தலையிட்ட பிறகு ஜினி குறைகிறது, ஆனால் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களின் எண்ணிக்கை கூடுகிறது. அதாவது ஏழையிடம் மறைமுக வரியாக, வாங்குகிற பொருளின் விலையோடு சேர்த்து எடுத்த பணம் அவர் கைக்குத் திரும்பி வந்த பணத்தைவிட அதிகம். பணக்காரரிடமும் எடுத்ததால் சராசரிக் குறியீடு மட்டும் நன்றாகத் தெரிகிறது. பள்ளிக்கூடம் கட்டித் தந்தோமே என்று நீங்கள் கேட்கலாம். பள்ளி வேண்டும்தான். ஆனால் இன்று ராத்திரி அடுப்பெரிய வேண்டிய காசைப் பிடுங்கிக்கொண்டு இருபது வருடம் கழித்துப் பலன் தருகிற பள்ளியைக் கொடுத்தால், நடுவில் அந்தக் குடும்பம் எப்படித் தாக்குப்பிடிக்கும்? அதனால்தான் ஜினி ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், கீழே இருக்கிற பத்து சதவீதத்தின் கையில் பணமாக என்ன மிஞ்சியது என்பதையும் தனியாகச் சொல்லுங்கள் என்கிறேன்.

சரி, என்னுடைய முக்கியமான குறைக்கு வருகிறேன்.

நீங்கள் எடுக்கிற முடிவுகளைப் பற்றி நாடே சண்டை போடுகிறது. நீங்கள் தொடாமல் விட்டுவைக்கிறவற்றைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. ஆனால் பத்து, இருபது வருடக் கணக்கில் பார்த்தால் ஏற்றத்தாழ்வைச் சத்தமில்லாமல் மாற்றுவதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. விலைவாசி ஏறுகிறது, உதவித்தொகை அதே எண்ணில் நிற்கிறது. சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை, ஆனால் ஒவ்வொரு மாதமும் அந்தக் குடும்பத்தின் பங்கு வெட்டப்படுகிறது.

ஈரானில் நடந்ததைப் பாருங்கள். 2010 டிசம்பரில் அங்கே எரிபொருள் மானியத்தை ஒரேயடியாக வெட்டினார்கள். அதற்கு ஈடாக ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் ஆளுக்கு மாதம் 455,000 ரியால் வங்கிக் கணக்கில் போட்டார்கள். துணிச்சலான வேலை. மானியத்தில் பணக்காரருக்குப் போனது குறைந்தது, தலைக்கு இவ்வளவு என்று கொடுத்ததால் ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய தொகையாக இருந்தது, ஏற்றத்தாழ்வும் குறைந்தது. அப்புறம் பொருளாதாரத் தடைகள் வந்தன, விலைவாசி வருடத்துக்கு 30 சதவீதத்தைத் தாண்டி ஏறியது. அந்த 455,000 மட்டும் வருடக்கணக்கில் அப்படியே நின்றது. சில வருடங்களிலேயே அதன் மதிப்பில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. திட்டத்தை நிறுத்தியதாக யாரும் அறிவிக்கவில்லை, பணம் மாதாமாதம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனவருக்குத் தெரியும் அது என்ன ஆயிற்று என்று.

அது தடைகளால் நொறுங்கிய நாடு என்று சொல்லாதீர்கள். பிரிட்டனில் 2016 முதல் 2020 வரை நான்கு வருடம், வேலை செய்கிற வயதில் இருப்பவர்களுக்கான பெரும்பாலான உதவித்தொகைகளை உயர்த்தாமல் நிறுத்தி வைத்தார்கள். அதே நான்கு வருடமும் முதியோர் ஓய்வூதியம் ஏறிக்கொண்டே இருந்தது. ஏனென்றால் விலைவாசி உயர்வு, சம்பள உயர்வு, 2.5 சதவீதம் இந்த மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு அது உயர வேண்டும் என்று 2011 முதல் ஏற்பாடு இருக்கிறது. முதியவர்களுக்குக் கொடுத்தது சரிதான், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரே அரசு, ஒரே கஜானா, ஒரே விலைவாசி. ஒரு தொகையை விலைவாசியோடு கட்டி வைத்தார்கள், இன்னொன்றை அவிழ்த்துவிட்டார்கள். குழந்தை வைத்திருக்கிற ஏழைக் குடும்பம் அவிழ்த்துவிட்ட பக்கத்தில் மாட்டிக்கொண்டது.

அமெரிக்காவில் உள்ள ஒரு உதாரணத்தைப் பார்த்த பிறகு இந்த மடலை எழுதாமல் இருக்க முடியவில்லை. அங்கே வருமானம் மிகக் குறைவாக உள்ள முதியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் மாதாந்திர உதவி ஒன்று உண்டு. அதை வாங்குகிற தனிநபரிடம் சேமிப்பு உள்ளிட்ட சொத்து 2,000 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது. வீடு, ஒரு வண்டி மாதிரி சிலவற்றைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், மற்றதெல்லாம் இந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். இந்த 2,000 என்ற எண் 1989-இல் வந்தது. இன்றும் அதேதான். அதே நாட்டில் பணக்காரர் ஒருவர் இறந்தால் அவர் விட்டுச் செல்கிற சொத்தில் எவ்வளவு வரை வரி இல்லை என்றும் ஒரு வரம்பு இருக்கிறது. 2001-இல் அது 675,000 டாலர். சட்டத்தை மாற்றி மாற்றி உயர்த்தினார்கள், விலைவாசியோடும் கட்டி வைத்தார்கள். 2026-இல் அது ஒருவருக்கு 15,000,000 டாலர். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மாற்றுத் திறனாளி ஒருவர் அவசரத்துக்கு எவ்வளவு சேர்த்து வைக்கலாம் என்பது, இன்னொன்று பெரும் செல்வந்தரின் பிள்ளை எவ்வளவு வரை வரியில்லாமல் வாங்கிக்கொள்ளலாம் என்பது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக ஒன்று அசையவே இல்லை.

தொகை நின்றுபோவது ஒரு வகை என்றால், திட்டத்தையே பாதியில் கைவிடுவது இன்னொரு வகை. அதே நாட்டில் 2021-இல் குழந்தைகளுக்கான வரிச் சலுகையை விரிவாக்கி, ஆறு வயதுக்குக் கீழே இருக்கிற குழந்தைக்கு 3,600 டாலர், அதற்கு மேல் 17 வயது வரை 3,000 டாலர் என்று வைத்தார்கள். வருமானமே இல்லாத குடும்பத்துக்கும் உண்டு. அதில் பாதி ஜூலையிலிருந்து டிசம்பர் வரை மாதத் தவணையாகவே வந்தது. அரசு உதவியையும் சேர்த்துக் கணக்கிடுகிற அளவுகோலின்படி அந்த வருடம் குழந்தை வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. திட்டத்தை நீட்டிக்கவில்லை. 2022-இல் அது 12.4 சதவீதம். எப்படிக் குறைப்பது என்று தெரியாமல் ஏறவில்லை, தெரிந்த வழியை விட்டதால் ஏறியது. ஒரே வருடத்தில் ஒரு நாட்டின் குழந்தை வறுமை இரண்டு மடங்குக்கு மேல் போனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

மேல்பக்கத்தில் நடந்தது எல்லோரும் அறிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வருமான வரியின் உச்ச விகிதம் 1950-களில் 91 சதவீதம், 1988-இல் 28. பிரிட்டனில் 1970-களின் கடைசியில் உழைப்பு வருமானத்துக்கு 83, 1988-இல் 40. அந்த 91-ஐ முழுசாகக் கட்டியவர்கள் மிகக் குறைவு, ஓட்டைகள் நிறைய இருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் திசை தெளிவானது. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியில் 1990-இல் 12 நாடுகளில் செல்வ வரி இருந்தது, 2017-இல் நான்கில்தான். உச்ச வரியைக் குறைத்தால் முதலீடு பெருகும், வேலை பெருகும், எல்லோருக்கும் வந்து சேரும் என்றுதான் ஒவ்வொரு முறையும் உங்கள் உரையில் சொன்னீர்கள். 18 வளர்ந்த நாடுகளில் ஐம்பது வருடம் நடந்த பெரிய வரிக் குறைப்புகளை டேவிட் ஹோப், ஜூலியன் லிம்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். உச்சியில் இருக்கிற ஒரு சதவீதத்தின் பங்கு கூடியிருந்தது, வளர்ச்சியிலும் வேலையின்மையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. இதற்குப் பிறகும் அதே வாக்கியத்தை அடுத்த உரையில் சேர்ப்பதாக இருந்தால், போன முறை செய்த குறைப்பின் கணக்கையும் பக்கத்திலேயே வையுங்கள்.

என் கணக்கில் பணக்காரக் குடும்பம் சேமித்த 600 நினைவிருக்கிறதா? அது பங்காகவும் நிலமாகவும் மாறி, வருடா வருடம் மதிப்பு ஏறுகிறது. பெரும்பாலான நாடுகளில் விற்கிற வரை அந்த ஏற்றத்துக்கு வரி கிடையாது. விற்காமல் அதை அடமானம் வைத்துக் கடன் வாங்கிச் செலவழித்தால் அதற்கும் வருமான வரி கிடையாது. ஒரு வருடத்தில் பார்த்தால் சின்ன விஷயம். முப்பது வருடம் போனால் அந்த இரண்டு குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே தேர்வை எழுதினாலும் ஒரே ஊரில் வீடு வாங்க முடியாது.

தென்னாப்பிரிக்காவைப் பற்றிப் பேசும்போது அப்புறம் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். இடைவெளியை ஒவ்வொரு வருடமும் வரி போட்டுப் பணம் கொடுத்துக் குறைப்பது ஒன்று, முதலிலேயே அவ்வளவு பெரிதாகாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. இரண்டாவதும் உங்கள் செலவால் நடப்பதுதான், ஆனால் பலன் கிடைக்க இருபது வருடம் ஆகும். இந்தோனேசியாவில் 1970-களில் எண்ணெய் விலை ஏறிக் கஜானா நிறைந்தபோது, 1973-இல் தொடங்கி ஐந்தாறு வருடத்துக்குள் 61,000-க்கும் மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகளைக் கட்டினார்கள். அதுவும் பிள்ளைகள் அதிகம் பள்ளிக்கு வராத மாவட்டங்களில் அதிகமாக. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய எஸ்தர் டுஃப்லோ, அந்தப் பள்ளிகளில் படித்த பையன்கள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு 1995-ஆம் வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஆயிரம் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி கூடுதலாக வந்த இடங்களில் அவர்களுடைய சம்பளம் 1.5 முதல் 2.7 சதவீதம் வரை கூடியிருந்தது. 1973-இல் பட்ஜெட் எழுதியவருக்கு அது வெறும் செலவு. அவர் பதவியில் இருந்த காலத்தில் அதற்கு எந்தப் பலனையும் காட்டியிருக்க முடியாது.

இதே விஷயத்தை வேறொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். ஐரோப்பாவில் அமெரிக்காவைவிட ஏற்றத்தாழ்வு குறைவாக இருப்பதற்குக் காரணம் அங்கே அதிகமாக எடுத்துப் பகிர்கிறார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பிளான்ஷே, ஷான்செல், கெத்தின் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் செய்த ஆய்வில் அப்படி வரவில்லை. நாட்டின் மொத்த வருமானத்தில் கீழ்ப் பாதி மக்களுக்குக் கைமாற்றுகிற பங்கு அமெரிக்காவில்தான் அதிகம். ஐரோப்பாவின் வித்தியாசம் வரிக்கு முந்தைய வருமானத்திலேயே இருக்கிறது. சம்பளப் பேரம், குறைந்தபட்சக் கூலி, எல்லோருக்கும் எட்டுகிற பள்ளி, மருத்துவம் என்று முந்தைய தலைமுறைகள் கட்டி வைத்ததெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அதனால் பற்றாக்குறையைக் குறைக்க வேண்டிய நெருக்கடி வரும்போது, இப்போதைக்கு ஓட்டுப் போகாது என்று பள்ளிக்கும் ஆரம்ப சுகாதாரத்துக்கும் முதலில் கத்தி வைக்காதீர்கள். அந்த வெட்டின் விலை உங்களுக்கு அடுத்து வருகிறவருக்கும் அடுத்து வருகிறவரின் தலையில் விழும்.

உங்களிடம் கேட்பது இவைதான். ஒவ்வொரு பட்ஜெட்டோடும் ஒரு அட்டவணை வையுங்கள். மக்களை வருமானப்படி பத்துப் பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கும் எவ்வளவு சம்பாதித்தது, நேரடி வரியாகவும் மறைமுக வரியாகவும் எவ்வளவு கட்டியது, பணமாக எவ்வளவு வாங்கியது, பள்ளி, மருத்துவம் வழியாக எவ்வளவு பெற்றது, கடைசியில் என்ன மிஞ்சியது என்று. நீங்கள் விட்டுக்கொடுக்கிற வரியையும் அதில் சேர்க்க வேண்டும். வீட்டுக் கடன் வட்டிக்கும், பங்கு, நிலம் விற்று வருகிற லாபமான மூலதன ஆதாயத்துக்கும் தருகிற சலுகைகள் செலவுக் கணக்கில் வருவதே இல்லை, ஆனால் ஏழைக்குத் தருகிற உதவித்தொகை ஒவ்வொரு காசும் வருகிறது. கஜானாவுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்புறம், பத்து வருடத்துக்கு முந்தைய அட்டவணையையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

தரவு இல்லை என்று சொல்ல வேண்டாம். பிரிட்டனின் புள்ளிவிவரத் துறையினர் இந்த மாதிரிக் கணக்கை 1960-களிலிருந்து வெளியிட்டு வருகிறார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் 1979 முதலான கணக்கை வைத்திருக்கிறது. வீட்டுக்கு வீடு கேட்டு எடுக்கிற கணக்கெடுப்பில் பெரும் பணக்காரர்கள் சிக்குவதில்லை என்பது உண்மையான சிக்கல்தான். அதற்கு வருமான வரிப் பதிவுகளோடு சேர்த்துப் பார்க்கிற முறை இருக்கிறது, அந்தப் பதிவுகளும் உங்கள் துறையிடம்தான் இருக்கின்றன.

முதல் வருடமே முழு அட்டவணை முடியாது என்றால் ஒரு பட்டியலை மட்டும் முதலில் போடுங்கள். உங்கள் சட்டங்களில் எண்ணாக எழுதி வைத்திருக்கிற ஒவ்வொரு தொகையும்: உதவித்தொகை, ஓய்வூதியம், வறுமை வரம்பு, வரி விலக்கு வரம்பு, வாரிசுச் சொத்து வரம்பு, எல்லாம். ஒவ்வொன்றுக்கும் நேராக அது கடைசியாக எந்த வருடம் மாறியது, விலைவாசியோடு ஏறியிருந்தால் இன்று எவ்வளவாக இருந்திருக்கும் என்று இரண்டு எண்கள். இதற்கு ஆய்வுக் குழு வேண்டாம், புதிய கணக்கெடுப்பும் வேண்டாம். சட்டப் புத்தகமும் விலைவாசிக் குறியீடும் வைத்துக்கொண்டு உங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தால் அடுத்த பட்ஜெட்டுக்குள் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
வரி கட்டுகிற ஒருவர்